மூன்றேகால் அங்குலம்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்குகிற ஒழுங்கைகளில் ஒன்றில், நாலாம் மாடியில் முத்துலிங்கம் இருக்கிறார். அறுபத்துமூன்று வயது. தேயிலை ஏற்றுமதிக் கந்தோர் ஒன்றில் முப்பத்தைந்து வருடம் லிகிதராக இருந்து இளைப்பாறியவர். மனைவி சுபோதினி கனடாவில். மகள் தனுஷியாவின் பிள்ளைப்பேற்றுக்கு மூன்று மாதம் என்று சொல்லிப் போனவர், போய் ஒன்பது வருடமாகிறது. சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. மூன்று மாதம் ஆறு மாதமானது, பிறகு இரண்டாவது பேரப்பிள்ளை பிறந்தது, பிறகு சுபோதினியின் முழங்காலுக்கு வைத்தியம் தொடங்கியது. இவருக்கு ஒருமுறை விசா மறுத்தார்கள். மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவ்வளவுதான் கதை. அதைப் பெரிய கதையாக்கிச் சொல்லுகிறவர்கள் சொல்லட்டும்.

அவரிடம் ஒரு கார் இருக்கிறது. நீங்கள் நினைக்கிற மாதிரிக் கார் இல்லை. இரண்டே பேர் இருக்கக்கூடிய, கூரையை மடித்து வைக்கிற, சிவப்பு எம்.ஜி. மிட்ஜெட். அவரைவிடப் பத்து வயது இளசு. கந்தோர்ப் பெரியவர் குடும்பத்தோடு அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது, விற்க மனம் வராமல் கார்த் திறப்பை இவருடைய மேசையில் வைத்துவிட்டுப் போனார். வெயிலுக்கும் குடை, மழைக்கும் குடை என்று ஓரமாக நடக்கிற மனிதருக்குப் பந்தயக்காரனுடைய வண்டி! ஒழுங்கையில் சிரிக்காத ஆள் இல்லை. அவரோ ஒருவருக்கும் மறுமொழி சொல்லாமல் முப்பது வருடம் அதைத் துடைத்து வைத்திருந்தார்.

போன ஆனியில், காலி வீதியில் இராமகிருஷ்ணா வீதித் திருப்பத்தில் அது நின்றது. இஞ்சின் உறுமுகிறது, கியர் விழுகிறது, வண்டி மட்டும் அசையவில்லை. உள்ளே ஏதோ கல்லை அரைக்கிற சத்தம். பின்னால் வந்த பஸ் கொண்டக்டர் தலையை வெளியே நீட்டி, "அங்கிள், கழுத்தில கயிறு போட்டு நடத்திக்கொண்டு போங்க!" என்று கத்தினான். பஸ் முழுக்கச் சிரித்தது.

கொட்டாஞ்சேனை, ஜம்பட்டா வீதிக்குப் பின்னால் ஷரீப் பாஸின் கராஜ். கைவேலை தெரிந்தவர் எல்லாரும் கொழும்பில் பாஸ்தான். முன்பக்கம் கராஜ், பின்பக்கம் வீடு. இரண்டு வருடத்துக்கு முன் இந்தக் காரின் இஞ்சினைத் திறந்து, துளை பெருப்பித்து, இளந்தாரியாக்கிவிட்டது ஷரீப்தான். கட்டி இழுத்துக்கொண்டு வந்த வண்டிக்குக் கீழே போனவர், உள்ளங்கையில் நாலு உடைந்த கியர்ப் பல்லோடு வெளியே வந்தார்.

"பாருங்க அண்ணே. இஞ்சினுக்கு வயசு இருபது, கியர்பொக்ஸுக்கு வயசு தொண்ணூறு. பேரன்ட பாரத்தக் கெழவன்ட தோள்ல ஏத்தின மாதிரி ஈக்குது. திரும்பப் பல்லுப் போட்டாலும் திரும்ப உடையும்."

"அப்ப என்ன செய்யலாம், பாஸ்?"

"கொரோலாட அஞ்சு கியர் பொக்ஸ் ஒண்டு போடுவோம். அது சாகாது."

"இது இங்கிலீஷ்காரன்ர வண்டியெல்லே. ஜப்பான்காரன்ர சாமான் இதோட ஒத்துப்போகுமே?"

"கொழும்புல யாரு யாரோட ஒத்துப்போகல்ல அண்ணே?" என்று சிரித்தார் ஷரீப். "ஒண்டு செல்லணும். கிழமை நாள்ல எனக்கு ஏலா. த்ரீவீலும் வேனும் வரிசையில நிக்குது. இத நான் ஞாயித்துக்கிழமையில மட்டுந்தான் தொடுவேன்."

முத்துலிங்கம் சரி என்றார். சரி என்று சொல்லும்போது அவருக்குத் தெரியாது, தான் எதற்குச் சரி சொல்லுகிறார் என்று.

முதல் ஞாயிறு, பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கிக் கியர்பொக்ஸ் ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். இரண்டாம் ஞாயிறு முத்துலிங்கம் சும்மா பார்க்கப் போனார். போனவருடைய கையில் ஷரீப் ஒரு தகர டின்னையும் பிரஷ்ஷையும் கொடுத்தார். கழற்றிய ஆணி, நட்டு எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவ வேண்டும். முத்துலிங்கம் கழுவினார் பாருங்கள், நகைக்கடைக்காரன் தோற்றான். ஒவ்வொன்றையும் துடைத்து, பழைய பேப்பரில் அளவுவாரியாக அடுக்கி வைத்தார்.

"அண்ணே, இத மாட்டணும். பொம்புளை பார்க்கக் கொண்டு போகல்ல," என்றார் ஷரீப்.

வேலை இலேசானதல்ல. இஞ்சினின் வாயும் கொரோலாப் பெட்டியின் வாயும் ஒன்றோடொன்று பொருந்தாது. நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்றை வெட்டிக் கடைந்து வைக்க வேண்டும். கிளச் தட்டின் நடுப்பகுதியை மாற்ற வேண்டும். புதுப் பெட்டி பருமன். இரண்டு சீட்டுக்கும் நடுவே ஓடுகிற தகர மேட்டை அடித்து அகலமாக்க வேண்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு வேலை. காலை ஒன்பது மணிக்குக் கோட்டையில் பஸ் மாறி வந்து இறங்குவார், மாலை தேநீரோடு திரும்புவார்.

இடையில் மதியச் சாப்பாடு. அதைத்தான் சொல்ல வேண்டும். ஷரீபின் மனைவி ஷபீகா முதல்நாளே கதவுக்குள்ளிருந்து கூப்பிட்டார்.

"மாட்டிறச்சி இல்ல அண்ணே, கோழி. பயப்படாம வந்து இரிங்க."

"பயம் ஒண்டும் இல்லைத் தங்கச்சி. உங்களுக்கேன் வீண் கரைச்சல்…"

"மூணு பேருக்கு ஆக்கிற சோத்துல என்ன கரைச்சல்? இந்த மனுசனோட சாப்புர்றதுதான் கரைச்சல்."

"உப்புப் போட்டீங்களா, இல்லாட்டி உப்பு எண்டு கடதாசியில எழுதிப் போட்டீங்களா?" ஷரீப் முதற் கவளத்திலேயே தொடங்குவார்.

"கிரீஸ் நக்கிற நாக்குக்கு உப்புத் தெரியுமா? அண்ணே, நீங்க செல்லுங்க, உப்புக் கொறைவா?"

இந்த வழக்கில் ஒவ்வொரு ஞாயிறும் முத்துலிங்கம் நீதவான். ஒரு கிழமை இந்தப் பக்கம், மறு கிழமை அந்தப் பக்கம் தீர்ப்புச் சொல்லுவார். அதை யோசித்துக்கொண்டே பஸ்ஸில் வருவார். மற்ற ஆறு நாளும் அவர் நாலாம் மாடியில், கடையில் வாங்கிய இடியப்பத்தைப் பார்சலோடு விரித்து வைத்து, ரெயில் போகிற சத்தத்துக்கு நடுவே சாப்பிடுகிறவர். ஆரோடும் கதைக்காமல் மூன்று நாள் போய், கடைக்காரனிடம் காலைச் சாப்பாட்டுக்குப் பாண் கேட்கும்போது தொண்டை கட்டிக்கொண்டது தெரிந்து செருமிக்கொள்ளுகிறவர்.

ஆறாம் ஞாயிறு ஷரீப் பெட்டியை இஞ்சினோடு சேர்த்து இறுக்கிவிட்டு, "முடியப் போகுது அண்ணே. இன்னம் ரெண்டு கிழமை," என்றார். முத்துலிங்கம், "நல்லது," என்றார். வீட்டுக்கு வந்து சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையில் இருந்தார். கார் ஓடினால் ஞாயிறு முடிந்தது. அதுதான் விஷயம்.

ஏன், கார் ஓடினாலும் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். அவர் வளர்ந்த வீட்டில் ஒருவர் படலையைத் திறந்தால், குடிக்கத் தண்ணீர் கொடுக்குமுன் கேட்கிற கேள்வி, "என்ன அலுவலா வந்தனீங்கள்?" என்பது. அது மரியாதைக் குறைவான கேள்வியல்ல. கலியாணக் கார்டு, கோயில் காசு, கடிதம் நிரப்புவது என்று அலுவல் ஒன்று இருக்கும். அதைச் சொல்லிவிட்டால் பிறகு பொழுதுபட இருந்து கதைக்கலாம். அலுவல் இல்லாமல் ஒரு வீட்டுக்குப் போவது கையை நீட்டுகிற மாதிரி. முத்துலிங்கம் தன் அறுபத்துமூன்று வயதில் ஒரு வீட்டுக்கும் அப்படிப் போனதில்லை.

எட்டாம் ஞாயிறு மிஞ்சினது சாஃப்ட். கியர்பொக்ஸிலிருந்து பின்சில்லுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகிற நீள இரும்புக் குழாய் அது. புதுப் பெட்டி பழையதைவிடக் கொஞ்சம் நீளம் என்பதால் சாஃப்ட்டைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். ஷரீப் படுத்துக்கிடந்து மூன்று தரம் அளந்தார்.

"முக்கால் அங்குலம் அண்ணே. கோடு போட்டு வெச்சீக்கிறேன். நாளைக்கு எனக்கு ஏலா, நீங்க ஆமர் வீதி லேத்துக்குக் கொண்டு போங்களேன். அந்த பாஸுக்குத் தமிழ் தெரியாது. சிங்களத்துல செல்லுவீங்கதானே?"

"கந்தோரில முப்பத்தைஞ்சு வருசம் பின்ன என்ன பாஷை கதைச்சனான்?" என்றார் முத்துலிங்கம். கொஞ்சம் கோபமாகவே கேட்டார்.

திங்கட்கிழமை காலை கராஜில் சாஃப்ட்டைத் தூக்கினால் ஒரே கறுப்பு எண்ணெய். இப்படி ஒரு அழுக்கான சாமானை இன்னொருவன் கடைக்கு எப்படிக் கொண்டு போவது? மண்ணெண்ணெய்த் துணியால் முழுக்கத் துடைத்தார். மினுமினுவென்று வந்தது. ஷரீப் சோக்கால் போட்ட கோடும் அந்தத் துணியோடு போயிற்று. போனது அவர் கண்ணில் படவில்லை.

"கொச்சர கபன்னத, மஹத்தயா?" என்றார் லேத்துக்காரர். எவ்வளவு வெட்ட வேண்டும் என்று கேட்கிறார்.

சிங்களத்தில் முக்காலுக்கு 'துன்கால' என்பார்கள். 'துனய் காலய்' என்றால் மூன்றேகால். நடுவிலும் கடைசியிலும் ஒரு சின்ன 'ய்', அவ்வளவுதான் வித்தியாசம். கடையில் நின்று அவசரத்தில் பேசுகிற சிங்களமல்ல முத்துலிங்கத்தின் சிங்களம், கந்தோர்ச் சிங்களம். ஒவ்வொரு எழுத்தையும் நிறுத்தி, இழுத்து, மரியாதையாகச் சொன்னார்.

"துனய் காலய்."

லேத்துக்காரர் சாஃப்ட்டைப் பார்த்தார், இவரைப் பார்த்தார். "துனய் காலய்த?"

"ஒவ், ஒவ். ஹரியட்டம துனய் காலய்." மிகச் சரியாக அவ்வளவு என்று அடித்தும் சொன்னார்.

ஒன்பதாம் ஞாயிறு, காருக்குக் கீழே படுத்துச் சாஃப்ட்டைப் பொருத்தப் பார்த்த ஷரீப், அளவுநாடாவை வாங்கி இன்னொரு தரம் அளந்தார். பிறகு சத்தம் கேட்டது.

"அண்ணே… லேத்துக்காரனுக்கு எவ்வளவு எண்டு சென்னீங்க?"

"நீர் சொன்னதுதான். துனய் காலய்."

வண்டியே குலுங்குகிற மாதிரி ஷரீப் சிரித்தார். சிரித்துக்கொண்டே உருண்டு வெளியே வந்தார்.

"ஷபீகா! இங்க வாங்க! அண்ணன் மூணேகால் அங்குலம் வெட்டிக்கொண்டு வந்தீக்கிறாரு! கொஞ்சம் விட்டீந்தா சாஃப்ட்ட விசில் ஆக்கிக் கொண்டு வந்தீப்பாரு!"

"கந்தோரில இந்தச் சிங்களத்தில எழுதித்தான் தேயிலை கப்பல் மாறிப் போச்சாக்கும்," என்றார் ஷபீகா வாசலில் நின்று.

"கோடு போட்டீந்தேனே அண்ணே, அந்தக் கோடு எங்க?"

"நான்… துடைச்சுப்போட்டன்."

அதற்கு இன்னொரு சிரிப்பு. இனிப் புதுக் குழாய் தேடி, வெட்டி, ஒட்டி, நேராக்கிக்கொண்டு வர இரண்டு கிழமை என்றார் ஷரீப். முத்துலிங்கம் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். வெட்கம்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் வெட்கத்துக்கு அடியில், இரண்டு கிழமை என்ற சொல் கேட்டவுடன், வெயிலில் நடந்தவனுக்கு மோர் இறங்கின மாதிரி ஒன்று இறங்கியது. அதை அவர் கண்டுகொண்டார். கண்டுகொண்டு, தன்னைத் தானே பார்க்கக் கூசினார்.

பதினோராம் ஞாயிறு கார் ஓடியது.

முத்துலிங்கம் ஷரீபைப் பக்கத்தில் இருத்தி, பேலியகொடையில் காரை அதிவேகப் பாதைக்கு ஏற்றினார். இவ்வளவு காலமும் நாலாம் கியரில் அலறிக்கொண்டு ஓடின வண்டி. ஷரீப் காற்றுக்குள் கத்தினார்: "இப்ப! அஞ்சு போடுங்க!" போட்டார். அலறல் சட்டென்று அடங்கியது. இரண்டு பக்கமும் சேற்று நிலம், வெள்ளைக் கொக்குகள், ஜா-எல வரைக்கும் ஒரு மனிதனும் இல்லாத பாதை. பக்கத்து மனிதரோடு கத்தாமல் கதைக்கிற அளவுக்கு அமைதி. ஐந்தாம் கியர் இவ்வளவு அமைதியாக இருக்கும் என்று முத்துலிங்கம் எதிர்பார்க்கவில்லை. அவருக்கு அது பிடிக்கவில்லை.

அன்று சாப்பிட்டு எழும்பும்போது ஷபீகா, "இனி சும்மா வாங்க அண்ணே," என்றார். "ஓம், ஓம், வருவன்," என்றார் அவர். வாசலில் சொல்லுகிற வார்த்தை என்றுதான் எடுத்துக்கொண்டார்.

அடுத்த ஞாயிறு ஒன்பது மணிக்குச் சேர்ட் போட்டுக்கொண்டு இருந்தார். போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறு காரைத் துடைத்தார், துடைக்க ஒன்றும் இருக்கவில்லை. சுபோதினி வீடியோவில் வந்து, "என்ன, கார் அலுவல் முடிஞ்சுதே?" என்று கேட்டார். "முடிஞ்சுது." "அப்ப நல்லது. இனி ஓய்வா இருங்கோவன்." பேரப்பிள்ளை நடுவில் முகத்தைக் காட்டி, இங்கிலீஷில் ஏதோ சொல்லிவிட்டு ஓடியது.

மூன்றாம் ஞாயிறு முத்துலிங்கம் காரை எடுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனைக்குப் போனார். வழி முழுக்க ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனார்.

கராஜின் இரும்புக் கதவு பாதி இறக்கியிருந்தது. ஷரீப் வெள்ளைச் சேர்ட்டும் அத்தர் மணமுமாக நின்றார். ஷபீகாவின் தங்கை வீடு கொம்பனித்தெருவில். அங்கே சாப்பாடு, த்ரீவீலுக்குச் சொல்லியாயிற்று.

"என்ன அண்ணே, என்ன பிழை?"

"ஐஞ்சாம் கியர் கழண்டு விழுகுது, பாஸ்."

ஷரீபின் முகம் மாறியது. கையை நீட்டித் திறப்பை வாங்கினார். ஆமர் வீதி, மோதரை என்று சுற்றி, அதிவேகப் பாதைக்கும் ஏறி இறங்கி, முக்கால் மணித்தியாலம் கழித்துத் திரும்பி வந்தார்.

"எனக்குக் கழரல்ல," என்றார்.

"சில நேரத்திலதான். சூடாகினாப் பிறகு…"

இந்த இடத்தில் வேறு ஒருவர் என்றால், உங்கள் கையில்தான் பிழை, போய் வாருங்கள் என்று அனுப்பியிருப்பார். ஷரீப் அப்படிச் சொல்லவில்லை.

"எனக்குத் தெரியல்ல எண்டா என்ன, அண்ணன் சென்னா ஈக்கும். என்ட கையால போட்ட பொக்ஸ். எறக்கிப் பார்த்துடுவோம்." உள்ளே திரும்பினார். "ஷபீகா! நீங்க மட்டும் போங்க. எனக்கு இன்டைக்கு வர ஏலா."

ஷபீகா புதுச் சல்வாரோடு வாசலில் வந்து நின்றார். தங்கை வீட்டுக்கென்று கருப்பட்டியில் செய்த வட்டிலப்பப் பாத்திரத்தை மேசையில் வைத்தார். ஷரீப் வெள்ளைச் சேர்ட்டைக் கழற்றி ஆணியில் மாட்டினார், எண்ணெய்ச் சாரத்தைக் கட்டினார், காருக்குக் கீழே போனார். முதல் நட்டு இளகுகிற கிரீச் சத்தம் கேட்டது. இரண்டாவதும் இளகியது.

"பாஸ்," என்றார் முத்துலிங்கம்.

"ம்?"

"வெளியால வாரும்."

"பொறுங்க அண்ணே, இது கொஞ்சம் இறுக்கம்…"

"கழட்டாதையும். ஒண்டும் விழேல்லை. நான் பொய் சொன்னனான்."

ஷரீப் வெளியே வந்தார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. சிரிக்கத் தொடங்கி, இவருடைய முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

"பொய்யா? என்னத்துக்கு?"

முத்துலிங்கம் வீட்டுக்குள் இருந்த சாப்பாட்டு மேசைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம். ஷபீகா கண்டுவிட்டார்.

"என்ட வேலையில இல்லாத பிழையைச் செல்றதுக்கு உங்களுக்கு எப்பிடி அண்ணே மனசு வந்திச்சு?" ஷரீப் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "இருவத்தெட்டு வருசம் இந்தக் கையால வேலை செய்றேன். அந்த முக்கால் மணித்தியாலமும் நான் என்னத்த யோசிச்சேன் தெரியுமா? எங்க விட்டேன், எங்க விட்டேன் எண்டு…"

குனிந்து போய், இளகின இரண்டு நட்டையும் திரும்ப இறுக்கிவிட்டு வந்தார். கை கழுவினார். சேர்ட்டைப் போட்டார். அதற்குள் த்ரீவீல் வந்து நின்றது. ஷரீப் திறப்பை நீட்டினார், முகத்தைப் பார்க்காமல். முத்துலிங்கம் வாங்கிக்கொண்டார். மன்னிப்புக் கேட்கவும் இல்லை. கேட்டால் அழுகை வந்துவிடும் என்று பயம்.

த்ரீவீலில் ஏறி, வட்டிலப்பத்தை மடியில் வைத்துக்கொண்ட ஷபீகா வெளியே தலையை நீட்டினார்.

"அண்ணே. அடுத்த முறை அந்தக் கார வீட்டுல வெச்சிட்டு வாங்க. இவருக்குக் கோபம் ரெண்டு கிழமைக்கு ஈக்கும். ஈந்தாலும் சோறு ஆக்கத்தான் வேணும்."

ஷரீப் நேரே பார்த்துக்கொண்டு இருந்தார். த்ரீவீல் போயிற்று.

முத்துலிங்கம் அந்தப் பாதி இறக்கிய கதவுக்கு முன்னால் வெகுநேரம் நின்றார். காலிமுகத்தால் வரும்போது பாதை வெறுமையாகத்தான் கிடந்தது, ஐந்தாம் கியர் போட்டிருக்கலாம். மூன்றிலேயே வந்தார்.

இரண்டு கிழமை கழித்து அவர் போனார், பஸ்ஸில். கையில் ஒரு சீப்பு இதரை வாழைப்பழம். ஷரீப் அன்று அவரோடு ஒரு சொல் கதைக்கவில்லை, உப்பைப் பற்றிக்கூட. ஷபீகாதான் எல்லாருக்கும் சேர்த்துக் கதைத்தார். முத்துலிங்கம் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் மர வாங்கில் இருந்து, தேநீரைக் குடித்துவிட்டுத் திரும்பினார். அது எவ்வளவு கஷ்டமான இருப்பு என்பது அப்படி இருந்தவர்களுக்குத்தான் தெரியும். அதற்கடுத்த முறை கொண்டுபோன சீப்பைத் தொட்டுப் பார்த்த ஷரீப், "பழம் கனிஞ்சீக்கல்ல," என்றார்.

இப்போது ஒவ்வொரு ஞாயிறும் போகிறார், எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். சில ஞாயிறு சேர்ட் போட்டு, நாலு மாடி இறங்கி, காலி வீதி பஸ் தரிப்பில் நிற்கிறார். பஸ் வருகிறது, நிற்கிறது, கொண்டக்டர் கையைக் காட்டுகிறான். இவர் தலையை ஆட்டி அனுப்பிவிடுகிறார். இரண்டு பஸ் போன பிறகு திரும்ப மாடி ஏறுகிறார். சில ஞாயிறு, முதல் பஸ்ஸிலேயே ஏறிவிடுகிறார்.